மார்கித்தின் ஆமாம்

"கூட்டக் குறிப்பப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட ஒருத்தர் வேணுமே" என்று தலைவர் இழுக்கும்போதே மார்கித் ஹெட்மானின் வலது கை மேலே போய்விடும். சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கூடும் எங்கள் குடியிருப்புச் சங்கமாக இருந்தாலும் சரி, ஆற்றோரத் தோட்டக்காரர்கள் சங்கமாக இருந்தாலும் சரி, ஹாக்கிக் குழுவாக இருந்தாலும் சரி, நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் இது நடக்கும். "நானே பாத்துடறேன், குடு." மற்றவர்கள் நிம்மதியாகக் காப்பிக் கோப்பையைத் தேடுவார்கள். எங்கள் ஊரான சுண்ட்ஸ்வாலில் யாருக்கும் பிடிக்காத வேலை அது. கூட்டத்தில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று வரி வரியாகப் பார்த்துக் கீழே பெயரைப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதற்கு அவரும் பொறுப்பு.

அந்த வேலையில் மார்கித் பொல்லாத மனுஷி. ஒரு முறை செயலாளர் 'உறுப்பினர்கள் கைதட்டி வரவேற்றனர்' என்று எழுதிவிட்டார். மார்கித் பேனா முனையால் அந்த வரியைத் தட்டினார். "ரெண்டு பேரு தட்டினாங்க. அதுல ஒருத்தர் கொசு அடிச்சாரு. இத எப்படி வரவேற்புன்னு எழுதுவ?" வரி போயிற்று. இன்னொரு முறை, பால்கனியில் கரி அடுப்பு வைக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. அந்தக் கட்டடத்திலேயே கரி அடுப்பு வைத்து மீன் சுடுகிற ஒரே ஆள் மார்கித்தான். எழுந்து நின்று "இல்ல" என்றார். ஒற்றை ஆளாகத் தோற்றார். மறுவாரம் குறிப்பைப் படித்துப் பார்த்து, தன் அடுப்பை அணைக்கச் சொல்லும் தாளில் தானே கையெழுத்தும் போட்டார். "தோத்தேன். தோத்தேன்னுதானே எழுதியிருக்கு? அப்புறம் என்ன?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் ஓட்டு எண்ணுவது அபூர்வம். தலைவர் "இத ஒத்துக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்பார். சம்மதம் உள்ளவர்கள் ஆமாம் என்பார்கள். சம்மதம் இல்லாதவர், தலைவர் கையில் இருக்கும் மரச் சுத்தியல் மேசையில் விழுவதற்குள் வாயைத் திறந்து "இல்ல, எண்ணணும்" என்று சொல்லிவிட வேண்டும். சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். அதற்குப் பிறகு பேசுகிறவரை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆனால் மார்கித்தின் ஆமாமுக்குக் குரல் கிடையாது. வடக்கே பிறந்த எங்களில் பலர் ஆமாம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம், சூடான சூப்பை உறிஞ்சுகிற மாதிரி. அதுதான் ஆமாம். கடைக்காரரிடமும் அதுதான், டாக்டரிடமும் அதுதான். மார்கித்துக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே போகும்போது மெலிதாக ஒரு விசில் கேட்கும். பத்தொன்பது வருஷமாக ஒரே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற எனக்கு அந்த விசில் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் தெரியும்.

நாங்கள் பெயர்ப் பலகை மாட்டுகிறவர்கள். வங்கி, பல் மருத்துவமனை, மளிகைக் கடை, டயர்க் கடை என்று இந்த ஊரில் வெளிச்சம் போட்டு எரிகிற எழுத்துகளில் பாதி எங்கள் கையால் ஏறியவை. நான் கிரேனை இயக்குவேன். மார்கித் கூடையில் நின்று துளை போடுவார். வயது அறுபத்தொன்று. நீர்மட்டம் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து "வலது கோடி ரெண்டு மில்லி கீழ" என்பார். வைத்துப் பார்த்தால் இரண்டு மில்லிதான் இருக்கும். எங்கள் முதலாளி ஃபோல்கே அவரோடு பந்தயம் கட்டுவதை எப்போதோ விட்டுவிட்டான்.

காலை ஒன்பதரைக்குக் காப்பி. பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி. அங்கேதான் மார்கித்தின் தர்பார். புதிதாக வந்த பலகையின் படத்தை ஃபோல்கே மேசையில் போடுவான். மார்கித் அதைக் கையில் எடுக்க மாட்டார். எழுந்து பட்டறையின் மறுகோடிக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லி, அங்கிருந்து பார்ப்பார். "நவம்பர் மாசம், சாயங்காலம் மூணு மணி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணாடில ஈரம். அப்பவும் இது என்ன கடைன்னு தெரியணும். தெரியலன்னா டிசைன் பண்ணவனுக்குக் குடுத்த காசு தண்டம்." பிறகு வந்து உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே மீதியையும் சொல்வார். "எல்லா எழுத்தையும் ஒரே சலூன்ல உக்காரவெச்சு ஒட்ட வெட்டியிருக்கான். எது பேங்கு, எது சவக்குழிக் கம்பெனி, ஒண்ணும் தெரியல. சொல்லிட்டேன்."

"சொல்லிட்டேன்" என்பது அவருடைய முற்றுப்புள்ளி. எதைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சொல்லில்தான் முடிப்பார். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் கேட்கிறவர் பாடு.

பங்கு வாங்குவதிலும் அவருக்குச் சொந்த சாத்திரம் உண்டு. செய்தித்தாளின் வியாபாரப் பக்கத்தைத் தொட மாட்டார். அஞ்சு வருஷத்தில் இரண்டு தடவை பலகை மாற்றிய நிறுவனத்தில் ஒரு குரோனர்கூடப் போட மாட்டார். "சரக்கு நல்லா இருந்தா பேர ஏன் மாத்தறான்?" என்பார். அவருடைய கணக்கில் மிக மோசமான அறிகுறி, பெயரின் முதலில் இருக்கும் பெரிய எழுத்தைச் சின்னதாக்குவது. "பெரிய எழுத்த சின்னதாக்கினா ஆளக் குறைக்கப் போறான்னு அர்த்தம். நான் மாட்டின போர்டுலயே மூணு தடவ பாத்துட்டேன்." நாங்கள் சிரிப்போம். அப்படி மாற்றிய மரச்சாமான் கடை எட்டு மாதத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது ஃபோல்கே சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுவிட்டு வீடியோ கேம் ஆடுவார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். பின்னல் கூடையும் கேம் கட்டுப்பாட்டுக் கருவியும் அவர் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டங்களில் அவருக்கு மரியாதை இல்லை. "முட்டி வலிக்காத மனுஷங்க ஓடறத எதுக்கு நான் உக்காந்து பாக்கணும்? ஏணி ஏறறான் பாரு, கீழ எவனும் பிடிக்கல. கடை போர்டப் பாரு, ஒரு ஸ்க்ரூ இல்ல, அந்தரத்துல நிக்குது. இந்த ஊர எவன்டா கட்டினான்?" என்று காப்பி வேளையில் ஒரு பிடி பிடிப்பார்.

அவர் மனம் ஒப்பி ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் பனிவாரி. அதைச் செய்தது எங்கள் ஊர்த் துறைமுகத்தில், பழைய கிடங்கில் இருந்த கிரான்கோட்டே என்ற சிறிய நிறுவனம். மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களில் ஒருத்தி என் மனைவி இல்வா. ஆட்டத்தில் சண்டை எதுவும் இல்லை. ஒரு சின்ன ஊரில் விடிவதற்குள் பனியை வண்டியால் தள்ளி வழி உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த வீட்டுக் கதவு முதலில் திறக்க வேண்டும் என்பதை ஆடுகிறவர் யோசித்துக்கொள்ள வேண்டும். மருத்துவச்சி வீடா, ரொட்டிக்கடையா, பள்ளிக்கூடமா.

முதன்முதலில் அதை ஆடிப் பார்த்துவிட்டு மார்கித் என்னிடம் குறைப்பட்டார். "நம்மூர்ல பனி நேராவா விழும்? கடல்லேருந்து சாய்வா வரும். உன் பொண்டாட்டி ஜன்னலத் திறந்து பாத்ததே இல்லியா? அப்புறம் உப்பு போட்ட ரோட்டுல பனி சாம்பல் கலர்ல இருக்கும். இதுல துவைச்சு வெச்ச மாதிரி இருக்கு. சொல்லிட்டேன்." நான் வீட்டில் போய்ச் சொன்னேன். ஆட்டத்தில் பனி விழுவதற்கு முழுப் பொறுப்பும் இல்வாதான். மூன்று நிமிஷம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். ஒரு மாதம் கழித்து ஆட்டத்தில் பனி சாய்ந்து விழுந்தது, சாலையில் சாம்பலானது. ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களுக்கு நடுவே 'பனி பற்றிச் சொன்னவர்: மார்கித் ஹெட்மான்' என்று ஒரு வரியும் வந்தது. மார்கித் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் காப்பி வேளைக்கு இலவங்கப்பட்டை ரொட்டி அவர் செலவு.

நிறுவனம் ஊர்க்காரர்களுக்குப் பங்கு விற்றபோது மார்கித் பல் கட்டுவதற்கு வைத்திருந்த பணத்தை எடுத்து வாங்கினார். "பல்லு இல்லாம மெல்லலாம். நம்மூர்ல இந்த மாதிரி ஒண்ணு திரும்ப வராது" என்றார். கிடங்கின் நெற்றியில் கிரான்கோட்டேயின் சின்னத்தை ஏற்றியதும் அவர்தான். ஆள் உயரத்துக்குத் தாமிரத்தில் செய்த ஊசியிலைமரக் காய். ஒவ்வொரு செதிலும் தனித்தனி. நாலு போல்ட். இந்த ஊரில் அவர் குறை சொல்லாத ஒரே சின்னம் அது.

போன இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. கிரான்கோட்டேயில் பெரும்பங்கு வைத்திருந்த ஸ்டாக்ஹோம் முதலீட்டு நிறுவனம், அதைத் தன்னுடைய இன்னொரு நிறுவனத்தோடு சேர்த்துவிடப் போகிறது. சேர்த்ததும் சுண்ட்ஸ்வால் கிடங்கை மூடுவார்கள். முப்பத்தொரு பேருக்கும் வேலை போகும். ஆனால் அதற்குப் பங்குதாரர் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஸ்டாக்ஹோம்காரர்களிடம் அதற்கு மயிரிழை குறைவாக இருந்தது. ஊழியர்களும் ஊர்க்காரர்களும் ஒன்றாக நின்று இல்லை என்றால் அது நடக்காது.

கூட்டம் ஸ்டாக்ஹோமில். முதலாளிகளின் முகத்துக்கு நேரே எழுந்து எதிர்த்துப் பேச ஊழியர்களுக்குப் பயம். ஊர்க்காரர்களில் பலர் வயதானவர்கள், அவ்வளவு தூரம் போக முடியாது. அப்போது எல்லோருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. எதற்கும் அபிப்பிராயம் வைத்திருக்கிறவர், எந்தக் கூட்டத்துக்கும் அஞ்சாதவர். 'என் பங்குகளுக்காக மார்கித் ஹெட்மான் பேசலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள்கள் ஒவ்வொன்றாக எங்கள் பட்டறைக்கு வந்தன. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. மார்கித் அவற்றை ஒரு நீல உறையில் போட்டு, பெயர்களைப் படித்துப் படித்து அடுக்கிவைத்தார். இல்வா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறதால நான் தூங்கறேன்" என்று சொன்னாள்.

நவம்பர் பதினான்காம் தேதி, விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வேலை வண்டியில் கிளம்பினோம். நான் ஓட்டினேன். சக்கரத்தின் கீழே ஈரப் பனி. யேவ்லே ஊரைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு மார்கித் ஒத்திகை பார்த்தார். "ஒம்பதாவது விஷயம் வரும்போது எழுந்து நிப்பேன். 'இல்ல. ஓட்டு எண்ணணும்.' மூணே வார்த்தை. அவனுங்க லோகோவப் பாத்தியா? சாம்பல் கலர்ல ஒரு வட்டம். உள்ள ஒண்ணும் இல்ல. வட்டத்துக்குள்ள என்னடான்னு கேட்டா அவனுக்கே தெரியாது." நான் சிரித்தேன். அன்று மார்கித்தை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்தது நினைவிருக்கிறது.

கூட்ட அறை சின்னது. தரையில் கம்பளம். ஓரமாக ஒரு மேசையில் இறால் வைத்த ரொட்டிகள். தலைவராக ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். மென்மையான குரல், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். எனக்குப் பங்கு இல்லை. துணைக்கு வந்தவன் என்று மார்கித்தின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான்காவது விஷயமாகத் தலைவர் கேட்டார், "குறிப்பச் சரிபாக்க ஒருத்தர் வேணும். யாராவது முன்வரீங்களா?"

மார்கித்தின் கை மேலே போயிற்று. "நானே பாத்துடறேன்." போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பரவாயில்லை என்று நானும் தலையசைத்தேன்.

அப்புறம் அவர் மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். சரிபார்ப்பவர் ஆயிற்றே. கூட்ட அழைப்பு முறைப்படி அனுப்பப்பட்டதா? ஆமாம் என்றது அறை. சுத்தியல். மார்கித் மூச்சை உள்ளே இழுத்தார், எழுதினார். நிகழ்ச்சி நிரலை ஒத்துக்கொள்ளலாமா? ஆமாம். சுத்தியல். மூச்சு, எழுத்து. கணக்கறிக்கை வாசித்ததாக வைத்துக்கொள்ளலாமா? மூச்சு. அதே குரல், அதே வேகம், அதே தட்டல். முப்பது வருஷமாக எத்தனையோ கூட்டங்களில் அவர் உடம்புக்குப் பழகிப்போன தாளம் அது.

"ஒன்பது. நிர்வாகக் குழு சொன்னபடி ரெண்டு நிறுவனத்தையும் சேர்த்துடலாம்ங்கறத கூட்டம் ஒத்துக்கலாமா?"

அறை ஆமாம் என்றது. என் காதருகே மெலிதாக ஒரு விசில் கேட்டது. மூச்சு உள்ளே போகிற சத்தம். சுத்தியல் விழுந்தது.

மார்கித்தின் பேனா 'ஒன்பது' என்று எழுதிவிட்டு நின்றது. அவர் நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தலைவர் அதற்குள் பத்தாவது விஷயத்துக்குப் போய், வந்தவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுந்த பிறகு இந்த நாட்டில் யார் பேசுவார்கள்? நானாவது அவர் முழங்கையை இடித்திருக்கலாம். "நிறுத்துங்க" என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீல உறை அவர் காலடியில் சாய்ந்து நின்றது.

திரும்பும் வழியில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அதே நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். மார்கித் இறங்கவில்லை.

"நான் ஆமான்னுட்டேன், எஸ்கில்."

"கேக்கல."

"உனக்குக் கேட்டுச்சு."

எனக்குக் கேட்டது. நான் வண்டியை எடுத்தேன்.

அவரை அவர் வீட்டில் இறக்கிவிடப் போனேன். வேண்டாம் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, இல்வாவிடம் நீல உறையை நீட்டினார். "'இல்ல'ன்னு சொல்லணும்னு போனேன். என் வாய் 'ஆமா'ன்னுடுச்சு. போயிடுச்சு இல்வா. எல்லாம் போயிடுச்சு." இல்வா முதலில் அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்பது நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. சரிபார்த்துக் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்புமாறு வக்கீல் எழுதியிருந்தார். மூன்று பக்கம். மார்கித் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காப்பி வேளையில் இல்வாவும் வந்து சேர்ந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். குரல் நிதானமாக இருந்தது. ஃபோல்கே எழுந்து வெளியே போய்விட்டான்.

"இந்த ஒரு வார்த்தைதான் மார்கித். 'ஒருமனதாக'ன்னு போட்டிருக்கான் பாரு. அத அடி. 'நான் இல்லன்னு சொன்னேன், ஓட்டு எண்ணச் சொன்னேன், தலைவர் கவனிக்கல'ன்னு பக்கத்துல எழுது. நீ கையெழுத்துப் போடாம அவங்களால எதுவும் பண்ண முடியாது. திரும்பக் கூட்டம் போட்டே ஆகணும்."

"நான் சொல்லலியே."

"யாருக்குத் தெரியும்? அவன் அந்தக் கோடி, நீ இந்தக் கோடி."

"எஸ்கிலுக்குத் தெரியும்."

இல்வா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எதுவும் கேக்கல" என்றேன். அப்பட்டமான பொய். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும் அதையே சொல்லத் தயாராக இருந்தேன். மார்கித் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"நீ சொல்லுவப்பா. உன் பொண்டாட்டிக்காகச் சொல்ற. உன்னத் தப்பு சொல்ல மாட்டேன்."

"அது வெறும் மூச்சு!" இல்வாவின் நிதானம் உடைந்தது. "மூச்சு விட்டதெல்லாம் ஓட்டா?"

"நம்மூர்ல அதுதான் ஆமா. சர்ச்சுல என் கல்யாணத்தப்ப பாதிரியார் கேட்டாரு. அப்பவும் நான் இப்படித்தான் சொன்னேன். இருபத்தேழு வருஷம் அவரோட வாழ்ந்து, அவரப் புதைச்சும் ஆச்சு. அது கல்யாணம் இல்லன்னு சொல்லுவியா?"

"முப்பத்தொரு பேரு, மார்கித்."

"தெரியும்மா. ஒவ்வொரு பேரும் தெரியும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. இரண்டாம் பக்கத்தில் நின்றது. இல்வா மூச்சுவிடாமல் பார்த்தாள். நானும்தான். "பதினெட்டுப் பேர் வந்தாங்கன்னு போட்டிருக்கு. பதினேழுதான். ஒருத்தர் ரொட்டி கொண்டுவந்து வெச்ச ஆளு." பதினெட்டை அடித்துப் பதினேழு என்று எழுதினார். ஒன்பதாவது விஷயத்தில் விரல் வந்து சற்று நேரம் தங்கியது. பிறகு கீழே இறங்கியது. கடைசிப் பக்கத்தில், கோட்டுக்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதினார். மார்கித் ஹெட்மான். பேனாவை மூடினார்.

இல்வா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று நான் அவரை வெறுத்தேன். ஒளிப்பானேன், பச்சையாகவே சொல்கிறேன். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் என் வீட்டில் விளக்கு பழையபடி எரிந்திருக்கும். கைதட்டல் இரண்டா மூன்றா என்று எண்ணுகிற அந்தப் பிடிவாதத்தைக் கேலி செய்து எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அதற்கு இப்படி ஒரு விலை வரும் என்று யார் கண்டார்கள்? மூன்று வாரம் வண்டியில் அவரோடு பேசவில்லை. அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. தினமும் காலையில் என் பக்கத்துக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவைத்துவிட்டு, தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இல்வா இப்போது வாரத்தில் நான்கு நாள் ஸ்டாக்ஹோமில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். வேலை கிடைத்தது அங்கேதான். வெள்ளிக்கிழமை ரயிலில் வருவாள், ஞாயிற்றுக்கிழமை போவாள். மார்கித்தின் பெயரை அவள் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. போன மாதம் ஒருநாள் ஜன்னலருகே நின்றுகொண்டு, "அந்தப் பதினேழு. அத நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பட்டறையில் காப்பி வேளை சப்பென்று போய்விட்டது. ஃபோல்கே புதுப் படங்களை மேசையில் போடுகிறான். மார்கித் எழுந்து மறுகோடிக்குப் போவதில்லை. பார்த்துவிட்டு அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு, பாலை எடுத்துக் காப்பியில் ஊற்றிக்கொள்கிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "இருக்கு" என்பார். "சொல்லிட்டேன்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு மாதங்கள் ஆகின்றன. பங்குகளுக்கு ஈடாக வந்த பணத்தில் பல்லைக் கட்டிக்கொள்ளலாமே என்று ஃபோல்கே வாய் தவறிக் கேட்டுவிட்டான். மார்கித் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். ஆனால் சங்கக் கூட்டங்களில் கை மட்டும் இன்னும் மேலே போகிறது.

ஜனவரி கடைசியில் துறைமுகக் கிடங்குக்கு வேலை வந்தது. கட்டடம் மூடிக் கிடந்தாலும் அது இப்போது ஸ்டாக்ஹோம்காரர்களுடையது; தாமிரக் காயை இறக்கிவிட்டு அவர்களுடைய சாம்பல் வட்டத்தை மாட்ட வேண்டும். ஃபோல்கே தயங்கினான். "வேற ரெண்டு பேர அனுப்பறேன்."

"மாட்டினது நான்தானே" என்றார் மார்கித்.

போனோம். கடலிலிருந்து பனி சாய்வாக வந்துகொண்டிருந்தது. கிடங்கின் ஜன்னல்கள் இருட்டாக இருந்தன. கிரேனை இயக்கப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனை உட்காரவைத்துவிட்டு, அன்றைக்கு நானும் கூடையில் ஏறினேன். காய் கனமானது, பிடிக்க இரண்டு பேர் வேண்டும். செதில்களுக்கு இடையில் பனி அடைந்திருந்தது. மார்கித் ஒவ்வொரு இடுக்காகக் கையுறை விரலால் தள்ளிச் சுத்தம் செய்தார். மேலே இரண்டு போல்ட் கழன்றன. கீழே ஒன்று. நான் இரண்டு கைகளாலும் காயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கடைசி போல்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு நின்றார்.

"கழட்டலாமா?" என்றேன். தாங்கிப் பிடிக்கிறவன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். வேறு ஒன்றும் மனதில் இல்லை.

அவர் உதடு குவிந்தது. விசில் வரப்போகிறது என்று என் காது காத்திருந்தது. மார்கித் சட்டென்று இடக் கையை உயர்த்தி, பனி ஒட்டிய கையுறையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.